பழைய லேத்தின் வயது என்ன?

புனே நகரின் ஓரத்தில் போபோடி இருக்கிறது. ஒரு பக்கம் கட்கி. முளா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தாபோடி. இன்று போபோடியில் மெட்ரோ ரயில் நிற்கிறது. ஆனால் இந்தப் பகுதிக்குச் சோறு போட்டது இரும்பு வேலை.

கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-இல் தொடங்கியது. 1946-இல் அங்கே கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் நிறுவனம் வந்தது. பிறகு பிம்ப்ரி, சிஞ்ச்வட் பக்கம் பெரிய ஆலைகள் பல வந்தன. பெரிய ஆலை வந்தால் அதைச் சுற்றிச் சிறு பட்டறைகள் முளைக்கும். பட்டறை இருந்தால் அங்கே லேத் இருக்கும்.

லேத் எளிதில் சாகாது. ஒருவர் விற்பார். இன்னொருவர் வாங்குவார். இப்படியே பல கை மாறும். அதன் உண்மையான வயது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அப்படி ஒரு லேத்தின் கதையைப் பார்ப்போம். கதை கற்பனைதான். ஆனால் இதில் வரும் நிறுவனங்களும் ஆண்டுகளும் உண்மையானவை.

ஒரு லேத் விலைக்கு வருகிறது

போபோடியில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் பதினைந்து வருடமாகப் பிறர் பட்டறையில் கடைசல் வேலை செய்கிறார். சொந்தமாக ஒரு லேத் வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. மனைவி மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவர்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தமது பட்டறையை மூடப் போகிறார். லேத் விலைக்கு வருகிறது. கணவனும் மனைவியும் பார்க்கப் போனார்கள்.

"அண்ணே, இது எந்த வருஷத்து மெஷின்?" என்று கேட்டார் கணவர்.

"1985, தம்பி. பலகையிலேயே போட்டிருக்கு பாரு."

கணவர் பார்த்தார். ஆமாம், ஒரு சிறிய பலகையில் 1985 என்று இருந்தது. அவருக்கு மகிழ்ச்சி. கையில் இருந்த முன்பணத்தை எடுக்கப் போனார்.

மனைவி மெதுவாகச் சொன்னார்: "அவசரப்படாதீங்க. இதுல இன்னும் நிறைய எழுத்து இருக்கு. எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துட்டு நாளைக்கு முடிவு சொல்லலாம்."

வயது தெரிந்து என்ன பயன்?

லேத் என்பது கடைசல் இயந்திரம். பம்பரமும் கட்டில் காலும் கடைவதைப் பார்த்திருப்பீர்கள். மரக்கட்டை சுற்றும். உளி அதைச் செதுக்கும். இரும்பு லேத்தும் அப்படித்தான். இரும்பைச் சக்கில் பிடிப்பார்கள். அது சுற்றும். கூர்மையான டூல் அதைச் சீவும். உருளை, ஷாஃப்ட், புஷ், போல்ட்டின் மரை எல்லாம் இதில் செய்யலாம்.

அதன் வயதும் தயாரித்த நிறுவனமும் தெரிந்தால் மூன்று நன்மைகள் உண்டு.

முதல் நன்மை, சரியான விலை பேசலாம். புதியது என்று நம்பிப் பழையதற்கு அதிகம் கொடுக்க மாட்டோம். நல்ல லேத்தைப் பழைய இரும்பு என்று எடைக்கும் போட மாட்டோம்.

இரண்டாவது, உதிரி பாகம் தேடலாம். யார் செய்தது என்று தெரியாமல் கியரோ புஷ்ஷோ கேட்க முடியாது.

மூன்றாவது, அது அங்குல லேத்தா, மில்லிமீட்டர் லேத்தா என்று தெரியும். மரை போடும் வேலைக்கு இது மிக முக்கியம்.

முதல் வேலை: எழுத்துகளைச் சேகரிப்பது

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூசையும் எடுத்துவிடுங்கள். அதன் பிறகுதான் லேத்தில் கை வைக்க வேண்டும்.

துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கைத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். உளியால் சுரண்டாதீர்கள். எழுத்தே அழிந்துவிடும்.

எழுத்து மங்கலாக இருந்தால் மெல்லிய தாளை அதன்மேல் வையுங்கள். பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். எழுத்து தாளில் வந்துவிடும். அல்லது டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து செல்போனில் படம் எடுக்கலாம்.

பலகையில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துதான் இருக்கும். ஆங்கிலம் தெரியவில்லையா? கவலை வேண்டாம். பார்த்தபடியே வரைந்துகொள்ளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை படித்துச் சொல்லும். எண்களை நாமே படிக்கலாம். பெரும்பாலான பலகைகளில் அவை 1, 2, 3 என்றே இருக்கும்.

அந்த மனைவி ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வந்தார். ஒவ்வோர் எழுத்தையும் எழுதினார். அது எந்தப் பாகத்தில் இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதினார். இதுதான் அவர் செய்த மிக நல்ல காரியம். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

மூன்று வகை எழுத்துகள்

லேத்தில் மூன்று வகை எழுத்துகள் உண்டு.

ஒன்று, புடைத்து நிற்கும் எழுத்து. இது வார்ப்பிலேயே வருவது. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும்போது உண்டாவது. பெரிய எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர். சிறிய எண்ணாக இருந்தால் அது அச்சின் எண். அதே அச்சில் வார்த்த எல்லா லேத்திலும் அந்த எண் ஒன்றாகவே இருக்கும். அதை லேத்தின் எண் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு, குத்திப் பதித்த எண். இது பள்ளமாக இருக்கும். சுத்தியலும் பஞ்ச்சும் கொண்டு அடித்தது. இதுதான் அந்த ஒரு லேத்துக்கே உரிய எண். பல லேத்துகளில் இது பெட்டின் வலது முனையில், மேல் பக்கம் இருக்கும். பெட் என்பது லேத்தின் நீளமான அடித்தளம். அமெரிக்காவின் சவுத் பெண்ட் லேத்தில் இந்த இடத்தில்தான் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு அது எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடிக்க முடிகிறது.

சில லேத்துகளில் இதே எண்ணைச் சக் இருக்கும் தலைப்பகுதியிலும் அடித்திருப்பார்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அவை பிறவியிலேயே ஒன்றாக இருந்தவை. வேறு வேறு என்றால் இரண்டு லேத்தைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம்.

மூன்று, ஒட்டிய அல்லது திருகிய பலகை. பித்தளையிலோ அலுமினியத்திலோ இருக்கும். இதில் கவனம் தேவை. நிறுவனம் வைத்த பலகையும் உண்டு. விற்ற கடைக்காரர் வைத்த பலகையும் உண்டு. கடைக்காரரின் பெயரைத் தயாரித்தவரின் பெயர் என்று எண்ணி ஏமாறக் கூடாது.

சில லேத்துகளில் ஓர் அம்புக்குறி பதிந்திருக்கும். மூன்று கோடுகள் ஒரு முனையில் சேரும். அது பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கு அடையாளம். அதிலிருந்து ஆண்டு தெரியாது. ஒரு காலத்தில் அரசாங்கத்திடம் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

பெயர் சொல்லும் செய்தி

நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கும். நிறுவனம் பிறப்பதற்கு முன்னால் லேத் பிறந்திருக்க முடியாது அல்லவா?

லட்சுமணராவ் கிர்லோஸ்கர் பெல்காமில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இரும்புக் கலப்பை செய்து புகழ் பெற்றார். 1910-இல் கிர்லோஸ்கர்வாடி உருவானது. அந்தக் குடும்பத்தாரின் மைசூர் கிர்லோஸ்கர் நிறுவனம் 1941-இல் ஹரிஹரில் தொடங்கியது. அங்கே செய்த லேத்துகள் நாடு முழுவதும் பரவின. ஆகவே பலகையில் ஹரிஹர் என்று இருந்தால் அது 1941-க்கு முந்தியது அல்ல.

மத்திய அரசு 1953-இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனத்தைத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனம் அதற்குத் துணை நின்றது. கேரளத்தின் களமசேரியில் எச்.எம்.டி. ஆலை 1960-களில் வந்தது. பலகையில் களமசேரி என்று இருந்தால் அந்த லேத் 1960-க்கு முந்தியது அல்ல.

நம் கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. லேத்துகள் செய்தார்கள். பஞ்சாபின் பட்டாலாவிலும் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் சிறு ஆலைகள் ஏராளமாக லேத் செய்தன.

வெளிநாட்டு லேத் என்றால் நாட்டின் பெயரைப் பாருங்கள். மேற்கு ஜெர்மனி என்ற நாடு 1949 முதல் 1990 வரை இருந்தது. சோவியத் யூனியன் 1922 முதல் 1991 வரை இருந்தது. செக்கோஸ்லோவாகியா 1918 முதல் 1992 வரை இருந்தது. அந்தப் பெயர் இருந்தால் லேத்தும் அந்தக் காலத்தைச் சேர்ந்தது.

முகவரி சொல்லும் செய்தி

கடைக்காரரின் பலகைகூடப் பயன்படும். அதில் முகவரி இருக்கும்.

நாம் கடிதத்தில் ஆறு இலக்க பின்கோடு எழுதுகிறோம். அது 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அதற்கு முன்பு 'பம்பாய் 1', 'மதராஸ் 2' என்று சுருக்கமாக எழுதுவார்கள். ஆறு இலக்கம் இருந்தால் அந்தப் பலகை 1972-க்குப் பிந்தியது. இல்லாவிட்டால் முந்தியதாக இருக்கலாம். ஆனால் பழக்கம் ஒரே நாளில் மாறாது. அதனால் சில ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயரும் மாறும். பூனா என்பது 1978-இல் புனே ஆனது. பம்பாய் 1995-இல் மும்பை ஆனது. மதராஸ் 1996-இல் சென்னை ஆனது.

உருவம் சொல்லும் செய்தி

அந்தக் காலத்து ஆலையில் ஒவ்வொரு லேத்துக்கும் தனி மோட்டார் இல்லை. கூரைக்குக் கீழே நீளமான ஒரு ஷாஃப்ட் ஓடும். நீராவி எஞ்சினோ ஒரு பெரிய மோட்டாரோ அதைச் சுற்றும். அதிலிருந்து தோல் பெல்ட் ஒவ்வொரு லேத்துக்கும் இறங்கும். லேத்தின் தலையில் படிக்கட்டுப் போன்ற புல்லி இருக்கும். ஸ்டெப் புல்லி என்பார்கள். பெல்ட்டைப் படி மாற்றிப் போட்டால் வேகம் மாறும்.

பிறகு ஒவ்வொரு லேத்துக்கும் தனி மோட்டார் வந்தது. தலைப்பகுதியில் புல்லி போய்க் கியர்கள் வந்தன. கைப்பிடியைத் திருப்பினாலே வேகம் மாறியது.

அப்படியானால் ஸ்டெப் புல்லி இருந்தால் மிகப் பழைய லேத்தா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மற்ற நாடுகள் விட்டுவிட்ட பிறகும் நம் நாட்டில் பல ஆண்டுகள் ஸ்டெப் புல்லி லேத் செய்தார்கள். விலை குறைவு. பழுது பார்ப்பது சுலபம். அதனால் உருவத்தை மட்டும் பார்த்து வயது சொல்லக் கூடாது.

அங்குலமா, மில்லிமீட்டரா?

வயதான கடைசல்காரர்கள் 'ரெண்டு நூல் தள்ளு' என்பார்கள். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். இளைஞர்கள் மில்லிமீட்டரில் பேசுவார்கள். நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல் வந்தது. 1958-இலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

லேத்தின் அளவைக் கண்டுபிடிக்க லீட் ஸ்க்ரூவைப் பாருங்கள். லேத்தின் முன்பக்கம் நீளமாக ஓடும் திருகுத் தண்டு அது. ஒரு மரையை மட்டும் அளந்தால் வித்தியாசம் தெரியாது. பத்து மரையைச் சேர்த்து அளங்கள். அங்குலத்துக்கு 4 மரை உள்ள தண்டில் பத்து மரை 63½ மில்லிமீட்டர் வரும். 6 மில்லிமீட்டர் தண்டில் சரியாக 60 மில்லிமீட்டர் வரும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை. சட்டம் வந்த பிறகும் பல நிறுவனங்கள் அங்குலத் தண்டையே போட்டன. அங்குலம் என்பதால் மட்டும் 1958-க்கு முந்தியது ஆகிவிடாது.

அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை போட முடியுமா? முடியும். அதற்கு 127 பல் உள்ள ஒரு கியர் வேண்டும். ஏன் 127? ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர். அந்தக் கியர்தான் இரண்டு அளவுகளையும் இணைக்கும் பாலம். பழைய லேத் வாங்கும்போது கூடவே வரும் கியர்களை எண்ணிப் பாருங்கள். அவை இல்லாவிட்டால் மரை போடும் வேலை கைவிட்டுப் போகும்.

நோட்டு என்ன சொன்னது?

கணவனும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். நோட்டை விரித்தார்கள். பத்தாவது படிக்கும் மகள் ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னாள்.

தலைப்பகுதிப் பலகை: மைசூர் கிர்லோஸ்கர், ஹரிஹர்.

கடைக்காரர் பலகை: பம்பாய் 1. பின்கோடு இல்லை.

பெட்டிலும் தலைப்பகுதியிலும் குத்திய எண்: இரண்டும் ஒன்றே.

லீட் ஸ்க்ரூ: பத்து மரைக்கு 63½ மில்லிமீட்டர்.

கடைசி வரியில் மனைவி எழுதியிருந்தார்: '1985, புனே. பின்னால் உள்ள மோட்டாரில்.'

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ 1985-ங்கிறது மோட்டாரோட வயசா?"

ஆமாம். மோட்டார் எரிந்தால் மாற்றுவார்கள். பெல்ட் அறுந்தால் மாற்றுவார்கள். சக்கும் மாறும். பெட் மாறாது. எனவே ஓர் எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது. அது எந்தப் பாகத்தின் எழுத்து என்றும் கேட்க வேண்டும். பெரியவர் பொய் சொல்லவில்லை. அவரும் மோட்டார்ப் பலகையைத்தான் பார்த்திருந்தார்.

மகள் ஒரு கோடு போட்டாள். ஒரு முனையில் 1941 என்று எழுதினாள். நிறுவனம் அப்போதுதான் பிறந்தது. மறு முனையில் 1975 என்று எழுதினாள். பின்கோடு வந்து மூன்று ஆண்டு கூட்டிக்கொண்டாள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ லேத் பிறந்திருக்க வேண்டும். அங்குலத் தண்டும் இதற்கு ஒத்துப்போனது.

சரியான ஆண்டு கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். ஹரிஹர் ஆலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. அங்கே போய்க் கேட்க முடியாது. 'இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை' என்று சொல்ல முடிந்தாலே பாதி வெற்றி.

வயது வேறு, உடல்நலம் வேறு

பழையது என்றால் கெட்டது என்று பொருள் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்ட பழைய லேத், கெடுத்துவிட்ட புதிய லேத்தைவிட மேல்.

அதற்கு ஒரு சோதனை உண்டு. டூலைத் தாங்கும் கேரேஜைச் சக்கின் பக்கம் கொண்டுவாருங்கள். அங்கே ஆட்டம் இல்லாமல் சரியாக நகரும்படி இறுக்குங்கள். பிறகு மறு முனைக்குத் தள்ளுங்கள். அங்கே போய் இறுகிக்கொண்டால், சக்கின் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். வேலை அதிகம் நடப்பது அங்கேதான். தேய்மானமும் அங்கேதான்.

பழைய லேத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. பெல்ட்டும் கியரும் திறந்து கிடக்கும். வாங்கியதும் தகட்டால் மூடி போடுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கையுறை எதுவும் சுற்றும் பாகத்தின் பக்கம் போகக் கூடாது. சக்கின் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்ச் போடக் கூடாது.

மறுநாள்

மறுநாள் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். மனைவி நோட்டைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினார்.

பெரியவர் மோட்டாரைக் குனிந்து பார்த்தார். பிறகு பித்தளைப் பலகையைத் தடவினார். "இத்தனை வருஷமா தினமும் துடைக்கிறேன், தாயி. ஒருநாளும் முழுசாப் படிச்சதில்லை" என்றார்.

கேரேஜைத் தள்ளிப் பார்த்தார்கள். மறு முனையில் கொஞ்சம் இறுகியது. அதிகம் இல்லை. பெரியவர் விலையைக் குறைத்தார்.

"அண்ணே, இதோட கியர் எல்லாம் எங்கே?" என்று கேட்டார் கணவர்.

வாசலில் ஒரு மூட்டை கிடந்தது. பங்கார்வாலா எடைக்கு எடுத்துப் போக வைத்தது. அதை அவிழ்த்தார்கள். துரு ஏறிய கியர்கள். எல்லாவற்றிலும் பெரியதை மனைவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாக்பீஸால் ஒரு பல்லில் குறி போட்டு எண்ணத் தொடங்கினார்.

நூற்று இருபத்தைந்து. நூற்று இருபத்தாறு. நூற்று இருபத்தேழு.

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டுத் தையல் மெஷின், மின்விசிறி, பம்ப் செட் ஆகியவற்றில் உள்ள பலகைகளைப் படியுங்கள். பெயர், எண், ஊர், ஆண்டு ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். எந்தப் பாகத்தில் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. புடைத்த எண்ணுக்கும் குத்திய எண்ணுக்கும் என்ன வித்தியாசம்?

2. பின்கோடு இல்லாத முகவரி நமக்கு என்ன சொல்கிறது?

3. மோட்டாரில் இருந்த ஆண்டை நம்பி வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்?